எல்லாருக்கும் ஒரே பதில்

நோய் இல்லாதவர்களும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும், அல்லது ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ். பதிவு மேஜையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்து, "ரெக்கார்டு ரூம் எந்தப் பக்கம்மா?" என்பார்கள். உடனே எனக்குத் தெரிந்துவிடும், யார் வீட்டிலோ கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று.

அபிராமபுரத்தில் ஒரு பழைய பங்களாவை மாற்றிக் கட்டிய தனியார் ஆஸ்பத்திரி அது. நான் சொல்வது எழுபத்து மூன்றாம் வருஷம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று சுற்றுவட்டாரம் முழுக்க எங்களிடம்தான் இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் வரும். ஆகவே பெண்ணுக்கு டி.பி. வந்ததுண்டா, பையனுக்கு வலிப்பு உண்டா என்பதெல்லாம் எங்கள் அலமாரியில் இருக்கும் என்று ஊருக்குத் தெரியும். பத்துப் பொருத்தம் பார்த்தது போதாமல் பதினோராவது பொருத்தம் பார்க்க எங்களிடம் வந்தார்கள். நேரில் கேட்டால் மரியாதைக் குறைவாம். முதுகுக்குப் பின்னால் விசாரித்தால் அது சம்பிரதாயமாம். எனக்கு இவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ரெக்கார்டு ரூம் சுந்தரவல்லி அக்காவின் பொறுப்பு. பங்களாக்காரர்கள் ஒரு காலத்தில் அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் வைத்திருந்த உக்கிராண அறை அது. பாதிக் கதவுக்குப் பின்னால் கூரை வரைக்கும் அலமாரிகள், பழுப்பு உறைகளில் கேஸ் ஷீட்டுகள், அந்துருண்டை நாற்றம். உறையின் மேல் நம்பர் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது. எந்தப் பேருக்கு எந்த நம்பர் என்பது அட்டைகளில் எழுதி ஒரு மர டிராயரில் அடுக்கியிருக்கும். அந்த டிராயருக்குப் பூட்டு உண்டு, சாவி அக்காவின் இடுப்பில். என் மேஜையில் இருக்கும் பதிவுப் புத்தகங்களும் வருஷம் முடிந்ததும் அவளிடம் போய்விடும். டாக்டரே ஒரு உறையை எடுக்க வேண்டுமானால் எந்த நோயாளிக்காக என்று சீட்டு எழுதித் தர வேண்டும். உறை இருந்த இடத்தில் அந்தச் சீட்டு நிற்கும்.

இதையெல்லாம் கேட்டு அக்காவை ஒரு வாய்ப்பூட்டுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவளைப் போல வாயாடி அந்தத் தெருவிலேயே கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். புருஷன் இசக்கிமுத்துவுக்கு ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை, வீடு மேற்கு மாம்பலத்தில். சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்தால் பேச்சையும் திறப்பாள். பக்கத்துப் போர்ஷன்காரி எண்ணெய் கடன் வாங்கியது, சினிமாவில் யார் யாரோடு சண்டை, கத்தரிக்காய் என்ன விலை, எல்லாம் வரும். எங்கள் டாக்டர் கஸ்தூரிரங்கன் ஒரு தடவை அந்தப் பக்கம் போனவர், "அம்மா, ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கேக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பாதிக் கதவுக்குள் இருப்பதைப் பற்றி ஒரு எழுத்து வெளியே வராது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அக்கா டிராயரைப் பார்த்தாள், அட்டை இல்லை. நல்லதுதானே என்று, "அப்படி யாரும் வந்ததில்லைங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் வாழ்த்திவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் இன்னொருவர் வந்தார், இன்னொரு பெண்ணைப் பற்றி. அந்தப் பேருக்கு அட்டை இருந்தது. எதுவும் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது நினைவு வந்து, "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றாள். அந்த மனிதர் சட்டென்று எழுந்து, "போதும்மா, புரிஞ்சுது" என்று கிளம்பிவிட்டார். வாழைப்பழம் மட்டும் மேஜையில் கிடந்தது.

அந்தப் பெண் டான்சில் ஆபரேஷனுக்காக வந்தவள். சம்பந்தம் முறிந்தது. பெண்ணின் அம்மா மயிலாப்பூரிலிருந்து நேரே வந்து அக்காவின் எதிரில் நின்றாள். "எங்காத்துப் பொண்ணைப் பத்தி என்னம்மா சொன்னே?" என்று கேட்டாள். "ஒண்ணுமே சொல்லலை மாமி" என்றாள் அக்கா. அது உண்மைதான். ஒன்றும் சொல்லாததுதான் சொன்னதாகிவிட்டது.

அன்றைக்கு அவள் உள்ளே உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்து வருகிறவர் பேரைச் சொல்லி முடிக்கும் முன்பே, டிராயர் பக்கம் திரும்பாமலே, ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கினாள். "யாரைப் பத்தியும் எதுவும் சொல்றதில்லைங்க. இல்லாதவங்களுக்கும் இதே பதில்தான்." அட்டை உள்ளவருக்கும் அதுதான், இல்லாதவருக்கும் அதுதான். சிலர் திட்டினார்கள், சிலர் கெஞ்சினார்கள். போகப் போக ஊருக்குப் பழகிவிட்டது. அபிராமபுரத்து அம்மா எல்லாருக்கும் அப்படித்தான் என்று தரகர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் வைரவன் என்ற கல்யாணத் தரகர் வந்தார். தியாகராய நகருக்குப் புதியவர். அக்காவின் கதவருகே நின்று குரலைத் தாழ்த்தி, "பாண்டி பஜார் ஜவுளிக்கடை ராஜரத்தினம் மக ஜெயபாரதி. இங்க எப்பவாவது வைத்தியத்துக்கு வந்திருக்காளா?" என்று கேட்டார். எனக்கு எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

ராஜரத்தினம் அக்காவின் உடன்பிறந்த அண்ணன். அப்பா இல்லாத தங்கையைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, டாக்டரிடம் சொல்லி இந்த வேலையையும் வாங்கித் தந்தவர். ஜெயபாரதி அக்கா தூக்கி வளர்த்த மருமகள். அவள் வைத்தியத்துக்கு வந்திருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும், பதிவு எழுதியவளே நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு டி.பி. அம்மா முத்துலட்சுமி வெயிலே இல்லாத நாளில் குடை பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு பெண்ணை ஊசிக்கு அழைத்து வருவாள். ஊருக்கு மார்ச்சளி என்று சொல்லிச் சமாளித்தார்கள். நோய் முழுதும் குணமாகிப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் டி.பி. என்ற சொல் வெளியே போனால் எந்த வைத்தியர் நற்சாட்சி சொன்னாலும் அவளை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் காலம் அப்படி.

தன் எதிரில் இருப்பது பெண்ணின் அத்தை என்று வைரவனுக்குத் தெரியாது. அக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "யாரைப் பத்தியும் எதுவும் சொல்றதில்லைங்க. இல்லாதவங்களுக்கும் இதே பதில்தான்" என்றாள், பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்கிற மாதிரி. வைரவன் தலையைச் சொறிந்தார். "நீங்க இப்படித்தான்னு சொன்னாங்கம்மா. சரி, கடமைக்குக் கேட்டேன்" என்று போய்விட்டார். நான்தான் வியர்த்துப் போயிருந்தேன்.

வைரவனை அனுப்பியது உஸ்மான் ரோட்டில் நகைக்கடை வைத்திருந்த குடும்பம். அவர்கள் பையன் பொன்ராஜ்தான் மாப்பிள்ளை. ஆடி கழிந்து ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவாயிற்று. ஜெயபாரதிக்குப் பையனைப் பிடித்திருந்தது. அக்கா மூன்று நாளைக்குக் கத்தரிக்காய் விலையை மறந்து கல்யாணப் புடவையின் பார்டர் பற்றியே பேசினாள்.

அப்புறம்தான் முத்துலட்சுமி வந்தாள். இந்தத் தடவை குடை இல்லை. நகைக்கடையில் முன்பு வேலை பார்த்த ஆள் ஒருவன் அவர்களுடைய ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறான். அவன் ஒரு செய்தி சொன்னானாம். நாலு வருஷத்துக்கு முன்னால் பொன்ராஜ் கடையிலேயே கை கால் இழுத்துக் கீழே விழுந்தான், அபிராமபுரம் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று.

"வல்லி, ஒத்த வார்த்தை. உண்டா, இல்லியா? அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் முத்துலட்சுமி.

"மதினி, நான் சொல்லக் கூடாது."

"நான் யாருட்டி? அசலா? ஒன் அண்ணன் மக கழுத்துல தாலி ஏறப் போவுது. வலிப்புக்காரன் கையில புடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் அழவா?"

"எல்லாருக்கும் நான் சொல்லுதது இதான் மதினி. இல்லாதவங்களுக்கும் இதே பதில்தான்."

முத்துலட்சுமி அவளையே பார்த்தாள். "இல்லேன்னா நீ இல்லேன்னு சொல்லிருப்ப. நீ வளத்த புள்ள அவ. அவளுக்கு நல்லதுன்னா ஒன் வாய் சும்மா இருக்குமா? நெருப்பில்லாமலா பொகையுது" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

அக்கா அப்படியே நின்றாள். பழைய டான்சில் கதை திரும்பவும் நடந்தது, இந்தத் தடவை அவள் வீட்டுக்குள்ளேயே. ஊராருக்கு அவள் பதில் ஒரு மூடிய கதவு. சொந்தக்காரர்களுக்கோ அது ஒரு சாட்சி. அவள் அன்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அவள் மௌனம் பொன்ராஜுக்கு எதிராகப் பேசியது. இதில் கொடுமை என்னவென்றால், பொன்ராஜின் பேரில் அட்டை இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அவள் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தாள்.

"ஒரு தடவை திறந்து பார்த்துடேன் அக்கா. இல்லைன்னா நிம்மதி" என்றேன்.

"இருந்துச்சுன்னா?" என்று கேட்டாள்.

மறுநாள் அண்ணனே வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. காவல்காரர் இனாயத் ஓடி வந்தார். "இன்னாம்மா, அந்த முதலாளி கார்லயே குந்திகினு கீறாரு. வல்லியம்மாவ இட்டாரச் சொல்றாரு. மூஞ்சி சரியில்ல" என்றார். அக்கா போனாள். நானும் வாசல் தூண் வரைக்கும் போனேன், வெட்கமில்லாமல்.

ராஜரத்தினம் காரை விட்டு இறங்கவில்லை. சத்தம் போட்டாலாவது தேவலை, மெதுவாகத்தான் பேசினார். "வெள்ளிக்கெழமைக்கு முன்ன எனக்குத் தெரிஞ்சாவணும் வல்லி. இன்னிய வரைக்கும் ஒன்கிட்ட நான் ஒண்ணு கேட்டதில்ல."

"அண்ணே, அந்த ரூம்ல எல்லாருந்தான் கெடக்காவ. நம்ம புள்ளையும் கெடக்கா. அவனுக்குத் தொறந்தா அவளுக்கும் தொறந்த மாதிரிதான்."

அவர் முகம் கறுத்தது. "எம் மகள சொல்லிக் காட்டுதியா?"

"சொல்லிக் காட்டல. கும்புட்டுக் கேக்கேன், என்னைய விட்டுருங்க."

வைரவன் வந்து கேட்டதை அவள் சொல்லியிருக்கலாம். அவர்களும் கேட்டார்கள், அவர்களிடமும் நான் இப்படித்தான் நின்றேன், அதனால்தான் உன் பெண் தப்பினாள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அண்ணன் வாயடைத்துப் போயிருப்பார். யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டார்கள் என்பதும் அந்த அறையைச் சேர்ந்ததுதான் என்று அவள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கின் மேல் கோபம் கோபமாக வந்தது.

"சரி. வெள்ளிக்கெழமைக்குள்ள ஒன் வாயில இருந்து வரலன்னா, சம்பந்தம் இல்லன்னு சொல்லி அனுப்பிருவேன். நீயும் அப்புறம் எங்க வாசப்படி மிதிக்காத" என்று சொல்லி டிரைவரைக் கிளம்பச் சொன்னார். போகும் வழியில் டாக்டர் வீட்டுக்கும் போயிருக்கிறார். டாக்டர் மறுநாள் என் மேஜையருகே நின்று சொன்னார். "நான் கேட்டாலும் சீட்டு எழுதித்தான் ஆகணும்னேன். எந்த நோயாளியைப் பார்க்கறதுக்குன்னு எழுதறது? உங்காத்துக் கல்யாணத்துக்குன்னா எழுத முடியும்? கோச்சுண்டு போயிட்டார்."

வியாழக்கிழமை அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் மேஜையில் இருந்தேன். பாதிக் கதவுக்கு மேலாக அவள் முக்காலி போட்டு ஏறுவது தெரிந்தது. டிராயரில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வெகு நேரம் அட்டைகள் சரசரத்தன. அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீரஜா, பெர்மிஷன் சொல்லிரு. ஒரு எட்டு பாண்டி பஜார் போயிட்டு வந்துருதேன்" என்றாள்.

சொல்லப் போகிறாள். எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சொல்லப் போகிறாள். ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. இன்னொரு பக்கம், இவளும் இவ்வளவுதானா என்று ஒரு ஏமாற்றம். மனசு எப்போதும் இப்படித்தான், இரண்டு தட்டிலும் உட்காரும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி மூடும் முன்பே திரும்பிவிட்டாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "சொல்லியாச்சா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜெயபாரதி வந்தாள். நிச்சயம் நடக்க வேண்டிய நாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எத்தனையோ பேர் அந்தக் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார்கள். இவளைவிடக் கஷ்டமான ஆள் வந்ததில்லை.

"அத்தை, அப்பா சாயங்காலம் அவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பப் போறாங்க, வேண்டாம்னு. எனக்கு மட்டும் சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். "யாரைப் பத்தியும்…" என்று தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தப் பெண்ணும் அழுதாள். நான் இரண்டு பேரையும் பார்க்காமல் இருக்கப் பதிவுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "ஏட்டி, ஒங்க அம்மை என்னையக் கேட்டா. ஒங்க அப்பா என்னையக் கேட்டாரு, டாக்டரக் கேட்டாரு. அந்தப் பையன யாராவது கேட்டீங்களா?"

ஜெயபாரதி விழித்தாள். "அவங்களையா? எப்படி அத்தை கேக்கறது?"

"வாயாலதான். அவன் ஒடம்பு அவனுக்குத் தெரியும். பேப்பருக்கு என்ன தெரியும்? ஆனா ஒண்ணு. அவன் ஒன்னையத் திருப்பிக் கேட்டா நீயும் சொல்லணும்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் வரைக்கும் நான் எழுதிய பதிவுகளில் எத்தனை தப்போ தெரியாது. அக்கா உள்ளே ஒரே உறையை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம்.

மத்தியானத்துக்கு மேல் ஜெயபாரதியே திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். நேரே உஸ்மான் ரோட்டு நகைக்கடைக்குப் போயிருக்கிறாள். நிச்சயம் ஆகவேண்டிய பெண் மாப்பிள்ளை கடைக்குத் தனியாகப் போவதென்பது அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. பொன்ராஜின் அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தாராம், நல்ல வேளையாக டெலிபோனில் இருந்தார். மூக்குத்தி பார்க்க வேண்டும் என்று சொல்லி பொன்ராஜ் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் தட்டை எடுத்து வைத்தான். அவள் ஒரு மூக்குத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"உங்களுக்கு வலிப்பு உண்டா?"

"உண்டு" என்றான் அவன். "மூணு தரம் வந்துது. மாத்திரை சாப்பிடுதேன். இப்ப ரெண்டு வருஷமா வரல. வீட்டுல சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க கேட்டா சொல்லணும்னு நெனச்சிருந்தேன். யாருமே கேக்கல."

"எனக்கு டி.பி. இருந்துச்சு. குணமாயிட்டுது" என்று இவளும் சொல்லியிருக்கிறாள். அவன் தலையை நிமிர்த்திப் பார்த்து, "இப்ப இருமல் இல்லியே?" என்று கேட்டானாம். அதுதான் அவனுக்கு முதலில் கேட்கத் தோன்றியது. அதைச் சொல்லும்போது ஜெயபாரதியின் முகம் சிவந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். போகிற போக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். "அத்தை, அவங்க இந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்லையாம். அன்னிக்கு மந்தைவெளியில ஒரு டாக்டர் வீட்டுல ஊசி போட்டுட்டு, வைத்தியமெல்லாம் வேலூர்லதானாம். நீயும் பாவம், தெரியாத விஷயத்துக்கு இவ்வளவு திட்டு வாங்கினே."

அக்கா பக்கத்தில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெண் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"நேத்து டிராயரப் பாத்தேன் நீரஜா" என்றாள். "இப்ப அந்தப் புள்ளையே சொல்லிட்டா, அதனால சொல்லுதேன். இல்லேன்னு சொல்லத்தான் போனேன். பஸ் ஏறி, பனகல் பார்க்குல எறங்கி, ஓட்டமும் நடையுமாப் போனேன். அண்ணன் கடை வாசல்ல காலு வச்சாச்சு. எதுத்தாப்புல நாலு பொம்பளைக்குச் சேலை காட்டிக்கிட்டு ஜெயா நின்னா. அவளப் பாத்ததும், இவனுக்கு இல்லேன்னு சொல்லிட்டா நாளைக்கு இவளுக்கு என்ன சொல்லுவேன்னு தோணுச்சு. திரும்பிட்டேன். ஒரு படி. இன்னும் ஒரு படி ஏறியிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு அப்போதுதான் முழுதும் உறைத்தது. அவள் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. டிராயரில் அட்டை நிஜமாகவே இல்லை. ஆனால் அந்தச் சத்தியமான "இல்லை"யைக் கேட்டு அண்ணன் நோயே இல்லை என்று எடுத்துக்கொண்டிருப்பார். சாயங்காலமே தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் போய், ஒரு நாள் சமையலறையில் புருஷன் விழுந்து இழுத்துக்கொள்வதைப் பார்த்து அலறியிருப்பாள். அவனும் அவள் இருமும் போதெல்லாம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பான். எங்கள் அலமாரியில் இல்லாத நோயெல்லாம் உலகத்தில் இல்லாத நோய் என்று நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம். ஊரும் நம்பியது.

கல்யாணம் நடந்தது. லேசில் நடக்கவில்லை. நிச்சயம் நின்று போய், இரண்டு வீட்டிலும் கூச்சல் எழுந்து, ஜெயபாரதி சாப்பிடாமல் கிடந்து, டாக்டர் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி, தையில்தான் நடந்தது. பெண் தன் நோயைத் தானே போய்ச் சொன்னதை ராஜரத்தினத்தால் பொறுக்க முடியவில்லை. குடும்ப மானத்தை நகைக்கடைக் கவுண்டரில் கொட்டிவிட்டாள், கொட்டச் சொன்னது தங்கை என்று முடிவு கட்டிவிட்டார். சொன்ன சொல் காப்பாற்றினார். அக்காவுக்குப் பத்திரிகை வரவில்லை.

கல்யாணத்தன்று அவள் வேலைக்கு வந்தாள். பெண்ணை மணமேடைக்குக் கைபிடித்து அழைத்து வர வேண்டிய அத்தை, நைந்துபோன உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"போய் அண்ணன்கிட்ட சொல்லேன். அன்னிக்கு நீ இல்லைன்னு சொல்லியிருந்தா அவர் பெண் ஏமாந்திருப்பான்னு சொல்லு. அட்டையே கிடையாதுன்னு சொல்லு. இப்பத்தான் எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சு போச்சே" என்று கத்தினேன்.

"அவன் கதைய அவன் சொன்னான். அது அவன் இஷ்டம்" என்றாள். "என் டிராயர்ல என்ன இருந்துச்சு, என்ன இல்லேன்னு நான் எப்படிச் சொல்ல?" பிறகு உறையை மடியில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பிறந்த வீடு இல்லாமல் போவது எந்த வயதிலும் சின்ன விஷயமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒருத்தி தன் வாயை மூடியதற்கு இவ்வளவு விலையா என்று அன்றைக்கு எனக்கு மனசு எரிந்தது.

இரண்டு வருஷம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஜெயபாரதியும் பொன்ராஜும் மட்டும் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் ஒரு காலை வேளையில் ராஜரத்தினம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். துணைக்கு ஆள் இல்லை, கையில் வாழைப்பழமும் இல்லை. ஒரு காலில் செருப்புக்குப் பதில் துணி சுற்றியிருந்தது. சர்க்கரை. விரல் கறுத்து நாற்றமே வந்துவிட்டது. பாண்டி பஜாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. டாக்டர் கஸ்தூரிரங்கனோடு அவர் முகம் கொடுத்துப் பேசியே வெகு காலமாகிவிட்டது.

"முதலாளி, கால் இப்படி இருக்கறச்சே இவ்வளவு தூரம் ஏன் வந்தேள்? பக்கத்திலேயே காட்டியிருக்கலாமே" என்றேன்.

அவர் அந்தப் பாதிக் கதவுப் பக்கம் பார்க்காமலே பதில் சொன்னார். "கடைக்கு சரக்கு குடுக்கிறவனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கையை விரிச்சிருவான்மா. பங்காளிக்குத் தெரியக் கூடாது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. இங்கன்னா வெளிய போவாது."

நான் பேர், வயது, விலாசம் எழுதினேன். டாக்டர் பார்த்து, கட்டுப் போட்டு, ஷீட் எழுதி அனுப்பினார். அதை நான்தான் உள்ளே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அவர் கையிலேயே கொடுத்து, "அங்கே கொடுத்துடுங்கோ" என்றேன்.

அவர் நொண்டிக்கொண்டே போய்க் கதவருகில் நின்றார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கி, அண்ணன் பேரைப் படித்து, அட்டை எழுதி டிராயரில் வைத்துப் பூட்டினாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த முக்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டாள்.